ஃபேர் ஐல் தீவில் ஒன்பது நாள்

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்தியவன் நான். 1588-ல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப் இங்கிலாந்தின் மீது அனுப்பிய ஆர்மடா கப்பற்படையைப் பற்றி எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. "திரும்பும் வழியில் புயலில் பல கப்பல்கள் சிதறின" என்று ஒரு வரி வரும். அந்த வரியை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அப்படிச் சிதறிய கப்பல்களில் ஒன்று மோதிய பாறையின் மேல், என் அறுபதாவது வயதுக்குப் பிறகு, மழைக்கோட்டைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மகளும் மாப்பிள்ளையும் ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்தில் இருந்தார்கள். நானும் என் மனைவியும் மூன்று மாதம் தங்குவதற்காகப் போயிருந்தோம். மாப்பிள்ளைக்குப் பறவை பார்ப்பதில் பைத்தியம். அக்டோபர் மாதம் லீவு போட்டுவிட்டு, "மாமா, நாலு நாள் ஒரு தீவுக்குப் போறேன், நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டார். எனக்குக் காக்கா, குருவி, மைனா தவிரப் பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் "அங்கே ஆர்மடா கப்பல் ஒண்ணு மூழ்கிக் கிடக்கு" என்று அவர் சொன்னதும் பெட்டியை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை விவரமானவர்.

"அமாவாசைக்குள்ள வந்திருங்க" என்றாள் என் மனைவி. மகாளய அமாவாசையைச் சொல்கிறாள். அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அப்பா போனதிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்து வந்திருக்கிறேன். அந்த வருஷம் மட்டும் ஊரில் இல்லை. அதற்காகக் கறுப்பு எள் ஒரு பொட்டலம் கட்டி ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தாள். அபர்தீன் கடற்கரையில் வைத்துச் செய்வதாக ஏற்பாடு.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து என்று இரண்டு தீவுக்கூட்டங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நட்டநடுவில் தனியாகக் கிடக்கிறது ஃபேர் ஐல். நீளம் ஐந்து கிலோமீட்டர், அகலம் இரண்டரை. எந்தப் பக்கம் போவதானாலும் சுமார் நாற்பது கிலோமீட்டர் கடலைத் தாண்ட வேண்டும். பிரிட்டனில் ஜனங்கள் குடியிருக்கும் தீவுகளில் இதைவிட ஒதுக்குப்புறமானது இல்லை என்கிறார்கள். நான் போனபோது அறுபது எழுபது பேர் இருந்தார்கள். நம் ராமேஸ்வரத்தில் ஒரு சின்னத் தெருவில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

அபர்தீனில் ராத்திரி பெரிய கப்பலில் ஏறினால் காலையில் ஷெட்லாந்து. அங்கிருந்து தெற்கு முனைக்குப் பஸ். அங்கே 'குட் ஷெப்பர்ட்' என்று ஒரு சின்னப் படகு. பன்னிரண்டு பேர்தான் ஏறலாம். இரண்டரை மணி நேரப் பயணம். நானும் கடலோரத்தில் பிறந்தவன்தான், பாம்பன் வாய்க்காலில் வள்ளத்தில் போய் வந்தவன்தான் என்ற கர்வமெல்லாம் முதல் அரை மணி நேரத்திலேயே இறங்கிவிட்டது. மீதி இரண்டு மணி நேரமும் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கரையை அடைந்ததும் பார்த்தால், அந்தப் படகையே கம்பி வடத்தில் கட்டி, தண்ணீரிலிருந்து மேட்டுக்கு இழுத்து வைக்கிறார்கள். துறையில் கட்டிப்போட்டால் அலை அடித்து நொறுக்கிவிடுமாம். அதைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது, நாலு நாளில் இது மறுபடி கடலில் இறங்குமா என்று.

தங்கியது தீவின் பறவை ஆய்வு நிலையத்தில். 2010-ல் கட்டிய நல்ல கட்டடம். அதைவிட்டு வெளியே வந்தால் மரம் என்று ஒன்று கிடையாது. புல், கல்லடுக்கிய மதில்கள், ஆடுகள், பாறை, கடல். முதல் இரண்டு நாளும் மேற்கிலிருந்து காற்று. நடக்கிறபோது உடம்பைச் சாய்த்து நடக்க வேண்டும். காற்று திடீரென்று ஒரு நொடி நின்றால் கீழே விழுந்துவிடுவோம். பறவை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை முகம் வாடிப்போயிற்று. "மாமா, நீங்க கப்பலைப் பார்த்துட்டு வாங்க" என்றார்.

கப்பலின் பெயர் 'எல் கிரான் கிரிஃபோன்'. ஆர்மடாவில் சண்டைக் கப்பல்களோடு சாமான் ஏற்றி வந்த கப்பல்களும் உண்டு. அந்தப் பிரிவுக்கு இதுதான் தலைமைக் கப்பல். தளபதி ஹுவான் கோமஸ் தே மெதீனா. இங்கிலீஷ்காரனின் குண்டு துளைத்து, வடக்குக் கடலின் அலையில் பலகைகள் பிரிந்து, தண்ணீர் இறைத்து இறைத்துக் கை ஓய்ந்துபோய், 1588 செப்டம்பர் கடைசியில் இந்தத் தீவின் தென்கிழக்குப் பாறையில் மோதியது. பாய்மரம் பாறை முகட்டில் சாய, அதைப் பிடித்து ஏறி ஆட்கள் தப்பினார்கள். ஏறக்குறைய முந்நூறு பேர். ஏற்றி வந்த சாமான் கடலோடு போய்விட்டது.

தீவில் அப்போது இருந்தவை 17 குடும்பங்கள். குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த கொஞ்சம் தானியம், கொஞ்சம் கருவாடு, ஆடு மாடு. அதை வைத்துக்கொண்டு பாஷை தெரியாத முந்நூறு பேருக்கு எத்தனை நாள் சோறு போட முடியும்? ஆறேழு வாரம் அவர்கள் அங்கே இருந்தார்கள். பசியிலும் குளிரிலும் ஐம்பது பேர் போலச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் ஷெட்லாந்து வழியாக ஸ்காட்லாந்துக் கரையில் ஆன்ஸ்ட்ரதர் என்ற மீனவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஜேம்ஸ் மெல்வில் என்ற பாதிரியார் அவர்களைக் கரையிறக்கிக் கஞ்சி ஊற்றி அனுப்பிய கதையைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிற்பாடு ஆன்ஸ்ட்ரதர் கப்பல் ஒன்று வெளியூர்த் துறைமுகத்தில் பிடிபட்டபோது, அதே மெதீனா முயற்சி எடுத்து விடுவித்தார் என்பதையும் அவரே சேர்த்து எழுதியிருக்கிறார். இதெல்லாம் தெரியாமல் முப்பத்திரண்டு வருஷம் ஒரே வரியோடு பாடத்தை முடித்துவிட்டேனே என்று பாறை மேல் நின்று நினைத்துக்கொண்டேன். தீவின் இடுகாட்டில் அந்த மாலுமிகளுக்காக ஓர் இரும்புச் சிலுவை நிற்கிறது. 1984-ல் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் வைத்தது.

ஃபேர் ஐல் ஸ்வெட்டர் என்று பல வண்ணக் கோலம் போட்டுப் பின்னுவார்களே, அந்தக் கோலத்தை இந்த ஸ்பானியர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. பசித்துக் கிடந்த மாலுமி பின்னல் வகுப்பு நடத்தியிருப்பான் என்று எனக்கும் தோன்றவில்லை. 1920-களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னால் முடியைத் துறந்த எட்டாம் எட்வர்ட், கோல்ஃப் ஆடும்போது அதைப் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் உலகம் முழுக்கப் பெயர் போயிற்று.

மூன்றாம் நாள் காற்று திரும்பியது. தென்கிழக்கு. கூடவே மேகமும் விடாத தூறலும். எனக்கு இன்னும் மோசம் என்று தோன்றியது. மாப்பிள்ளையோ காலை நாலு மணிக்கே எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். "இனிமேதான் மாமா!" என்றார்.

அவர் விளக்கிச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். குளிர் தொடங்கும்போது நார்வே, ஸ்வீடன், ரஷ்யாவிலிருந்து கோடிக்கணக்கான குருவிகள் தெற்கே கிளம்புகின்றன. பெரும்பாலும் ராத்திரியில்தான் பறக்கும். வானம் தெளிவாக இருந்தால் நட்சத்திரத்தைப் பார்த்து வழி பிடித்துப் போய்விடும், நம் கண்ணுக்கே படாது. கிழக்குக் காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால் அவை வடக்குக் கடலின் மேல் தள்ளப்பட்டு விலகி வந்துவிடும். இருட்டில் கீழே கடல், மேலே மேகம். அப்போது கண்ணில் படும் முதல் துண்டு நிலத்தில் இறங்கும். மரம் இல்லாத தீவு என்பதால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. மதில் ஓரம், சாக்கடை, உருளைக்கிழங்குப் பாத்தி என்று எங்கே பார்த்தாலும் உட்கார்ந்திருக்கும். பறவை பார்க்கிறவனுக்கு அதனால்தான் இந்தத் தீவு சொர்க்கம். பறவைக்கு அது உயிர் பிழைக்க ஒதுங்கிய இடம். அந்த ஸ்பானியர்கள் மாதிரி.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் வில்லியம் ஈகிள் கிளார்க், எடின்பரோ அருங்காட்சியகத்துக்காரர். அவர் துப்புத் துலக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மேகம் மூடிய அமாவாசை இருட்டில் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சத்துக்குப் பறவைகள் விட்டில்பூச்சி போல வந்து மோதும். 1880-களில் பிரிட்டன் கரை நெடுகிலும் இருந்த விளக்கக் காவலர்களுக்குப் படிவம் அனுப்பி, எந்த ராத்திரி எந்தப் பறவை வந்தது என்று எழுதி வாங்கினார்கள். அந்தக் கட்டுக் கட்டான காகிதங்களைத் தொகுத்தவர் கிளார்க். காகிதம் போதாது என்று அவரே 1901-ல் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தில், நடுக்கடல் பாறையில் ஒரு மாதம் குடியிருந்தார். பிறகு 1905 முதல் ஃபேர் ஐல் தீவுக்கு வர ஆரம்பித்தார். தீவுக்காரர்களையே பழக்கி, தாம் இல்லாதபோதும் குறிப்பு எடுக்க வைத்தார். அவருடைய இரண்டு பாகப் புத்தகம் 1912-ல் வந்தது.

அதே காலத்தில் பெட்ஃபோர்ட் சீமாட்டி மேரி ரஸ்ஸலும் இங்கே ஒரு குடிசையை வைத்துக்கொண்டு பறவை பார்க்க வருவாராம். அந்த அம்மாள் அறுபது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1937-ல், எழுபத்தொரு வயதில், தனியாக விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் திரும்பி வரவே இல்லை. நம் வயதுக்காரர்கள் மாடிப்படி ஏற யோசிக்கிறோம்.

ஐந்தாம் நாள் நாங்கள் கிளம்ப வேண்டிய நாள். படகு மேட்டிலேயே இருந்தது. எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று உண்டு, அதுவும் வரவில்லை. ஆறாம் நாளும் அப்படித்தான். அமாவாசை ஏழாம் நாள். மனைவிக்குப் போன் போட்டேன். "நான் சொன்னேன்ல" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

வெளியே போக முடியாத அந்த நாட்களில் நிலையத்து நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் கதை எனக்குக் கிடைத்தது.

எடின்பரோவில் காகிதம், எழுதுபொருள் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. 1935-ல் முதல் முறை தீவுக்கு வந்தார். யுத்தத்தில் சேர்ந்து 1941-ல் கிரீட் தீவில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். ஜெர்மனியில் கைதி முகாம். கம்பி வேலிக்கு உள்ளே என்ன செய்வது? அந்த முகாமில் பறவை பார்க்கும் ஆசாமிகள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஜான் பக்ஸ்டன் என்பவர் வேலியோரம் கூடு கட்டிய ஒரு சின்னப் பறவையை மணிக்கணக்காகக் கவனித்து, பின்னால் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பீட்டர் காண்டர் பிற்காலத்தில் பிரிட்டனின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தலைமை வகித்தார். வாட்டர்ஸ்டனோ, உடன் இருந்த கைதி இயன் பிட்மனோடு சேர்ந்து, ஃபேர் ஐல் தீவில் ஒரு பறவை நிலையம் எப்படி அமைப்பது என்று திட்டம் போட்டார். வயிற்றுக்குச் சரியாகச் சோறில்லை, எப்போது விடுதலை என்று தெரியாது. எங்கே கட்டடம், யார் தங்குவார்கள், எப்படி நடத்துவது என்று தாளில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1943-ல் சிறுநீரகக் கோளாறு காரணமாக வாட்டர்ஸ்டனைக் கைதிப் பரிமாற்றத்தில் அனுப்பிவிட்டார்கள். கப்பலில் வரும்போது தாய்நாட்டின் முதல் துண்டாக அவர் கண்ணில் பட்டது ஃபேர் ஐல் தீவுதான். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம்.

யுத்தம் தீவையும் விட்டுவைக்கவில்லை. தெற்குக் கலங்கரை விளக்கத்தின் மேல் இரண்டு முறை குண்டு விழுந்து, காவலர் குடும்பத்துப் பெண்களும் ஒரு குழந்தையும் இறந்தார்கள். வானிலை பார்க்க வந்த ஜெர்மன் விமானம் ஒன்று 1941 ஜனவரியில் விழுந்தது. அதன் தகடுகள் இன்னும் புல்வெளியில் கிடக்கின்றன, நானே பார்த்தேன். யுத்தம் முடிந்ததும் வாட்டர்ஸ்டன் தீவையே விலைக்கு வாங்கினார். கடற்படை விட்டுப்போன மரக் கொட்டகைகளில் 1948-ல் நிலையம் திறந்தது. கென்னத் வில்லியம்சன் என்பவர் முதல் பொறுப்பாளர். காற்று பறவைகளை வழிமாற்றித் தள்ளுவதை விளக்கமாக எழுதியவர் அவர்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்கே செயின்ட் கில்டா என்று ஒரு தீவு. ஆயிரக்கணக்கான வருஷமாக ஜனங்கள் வாழ்ந்த இடம். இளைஞர்கள் போய்விட்டார்கள், மிஞ்சியவர்களால் சமாளிக்க முடியவில்லை. 1930 ஆகஸ்ட் 29-ம் தேதி கடைசி 36 பேரும் அவர்களே கேட்டுக்கொண்டபடி கப்பலேறிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு ஒரு பைபிளையும் கொஞ்சம் ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுப் போனார்களாம்.

ஃபேர் ஐல் தீவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் 380 பேர் இருந்த இடம் அது. 1862-ல் ஒரே தடவையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கனடாவுக்குப் போனார்கள். ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஆள் குறைந்து, 1950-களில் தீவைக் காலி செய்துவிடலாமா என்ற பேச்சே வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் நிலையம் இருந்தது. அதற்கு விருந்தாளிகள் வந்தார்கள். விருந்தாளிகளுக்குப் படகு வேண்டும், படகுக்கு ஆள் வேண்டும், சமையலுக்கு ஆள் வேண்டும், பால், ஆட்டுக்கறி, கம்பளி விற்றது. 1954-ல் வாட்டர்ஸ்டன் தீவை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். வீடுகளைப் புதுப்பித்தார்கள். 1982-ல் காற்றாலை வைத்து மின்சாரம் எடுத்தார்கள். நான் போனபோதுகூட ராத்திரி பதினொன்றுக்கு மேல் காற்று அடித்தால்தான் வீடுகளில் கரண்ட். நாங்கள் இருந்த ஒன்பது நாளும் அந்தக் குறை இல்லை!

காற்று வழிதவற வைத்த பத்து கிராம் குருவியைப் பார்க்க ஆள் வருகிறான், அதனால் ஒரு ஊர் பிழைத்துக் கிடக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு எங்கே நினைவு போயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி எனக்குப் பன்னிரண்டு வயது. படிப்புக்காக ராமேஸ்வரத்தில் சித்தி வீட்டில் இருந்தேன். தனுஷ்கோடியில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். போட் மெயிலில் வந்து தலைமன்னார் கப்பலுக்குக் காத்திருக்கும் ஜனங்கள்தான் வியாபாரம். அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேரும் மணல்மேட்டில் ஏறித் தப்பினார்கள். ரயிலோடு போனவர்கள், வீட்டோடு போனவர்கள் கதையெல்லாம் நம் பக்கத்தில் தெரியாதவர் யார். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள். தனுஷ்கோடியை மட்டும் மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தார்கள். அரசாங்கம் சொன்னதைத் தப்பென்று நான் சொல்ல வரவில்லை. அந்த மணலில் மறுபடி ஊர் கட்டியிருந்தால் இன்னொரு புயலில் என்ன ஆகியிருக்குமோ. ஆனால் அப்பா அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம் உயிரோடு இருந்தார். அங்கே இருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்தும் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை. "யாருக்கு அந்த ஊர் வேணும்?" என்பார். அது கோபமா கேள்வியா என்று எனக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை.

ஏழாம் நாள் விடிந்தது. மழை. மாப்பிள்ளை ஓடிவந்து, "மாமா, சீக்கிரம் வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று இழுத்துக்கொண்டு போனார். மதிலை ஒட்டிக் கம்பி வலையால் பெரிய கூண்டு கட்டியிருக்கிறார்கள். வாய் அகலம், போகப் போகக் குறுகி ஒரு பெட்டியில் முடியும். ஜெர்மனிப் பக்கம் ஹெலிகோலாந்து தீவில் உண்டான முறை என்பதால் அதே பெயர். பிடிபட்ட பறவையின் காலில் எண் போட்ட வளையம் மாட்டி, எடை பார்த்து, விட்டுவிடுவார்கள். வளையத்தில் லண்டன் அருங்காட்சியகத்தின் முகவரி இருக்கும். கண்டெடுத்தவர் எழுதிப்போட வேண்டும் என்பதற்காக.

பொறுப்பாளர் கையில் ஒரு சின்னக் குருவி. மண் நிறம், கண்ணுக்கு மேல் மங்கலாக ஒரு கோடு. பார்க்க ஒரு விசேஷமும் இல்லை. சுற்றி நின்ற பத்துப் பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிளித் நாணல் கதிர்க்குருவி, மாமா. இது இங்க வரவே கூடாது. நம்ம ஊருக்குப் போக வேண்டியது."

கல்கத்தாவில் ஆசியச் சங்கத்து அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த எட்வர்ட் பிளித் 1849-ல் இதற்குப் பெயர் வைத்து விவரம் எழுதினார். கோடையில் ரஷ்யாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். நம் வீட்டுக் கொல்லையில், கருவேலம் புதரில், மார்கழியில் 'சக், சக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, ஆள் தென்படாதே, அதுதான். அறுபது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், யாருடைய சத்தம் என்று கேட்டதில்லை. பிரிட்டனில் முதன்முதலாக அது பதிவானதும் இதே ஃபேர் ஐல் தீவில்தான், 1910-ல்.

தென்கிழக்கே போக வேண்டியது வடமேற்கே வந்து நிற்கிறது. வளையம் மாட்டி மதில் ஓரத்தில் விட்டார்கள். ஒரு நொடி உட்கார்ந்திருந்தது. பிறகு புல்லுக்குள் நுழைந்து மறைந்துவிட்டது. "இனிமே ஊருக்குப் போயிருமா?" என்று கேட்டேன். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. "சிலது திருத்திக்கிட்டுப் போகும் மாமா. நிறைய போகாது" என்றார்.

அன்று பகலில் சமையலறைக்குப் போய், தயங்கித் தயங்கி, எள் இருக்குமா என்று கேட்டேன். ரொட்டி மேல் தூவுவதற்கு வைத்திருந்த வெள்ளை எள் ஒரு கரண்டி தந்தார் அந்த அம்மாள். எதற்கு என்று கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. கறுப்பு எள் பொட்டலம் அபர்தீனில் மனைவியின் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மணல் கரை. மாப்பிள்ளை குடையைப் பிடிக்க முயன்று, அது திரும்பிக்கொள்ள, விட்டுவிட்டார். தெற்கு எது என்று அவர் கைக்கருவியில் பார்த்துச் சொன்னார். ஐயரும் இல்லை, மந்திரமும் முழுசாக நினைவில்லை. அப்பா பெயர், தாத்தா பெயர், அவருக்கு அப்பா பெயர் சொல்லி மூன்று முறை விட்டேன். தண்ணீர் கை விறைக்கிற மாதிரி இருந்தது. அந்த ஐம்பது ஸ்பானியர்களுக்கும் யாரும் தண்ணீர் விட்டிருக்க மாட்டார்களே என்று தோன்றியது. மீதி எள்ளை அவர்களுக்கென்று விட்டேன். சாஸ்திரத்தில் இடம் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே ஒரு வழக்கம். பொறுப்பாளர் பெரிய பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பறவையின் பெயராக வாசிப்பார். இன்று எத்தனை பார்த்தோம் என்று அவரவர் சொல்ல வேண்டும். 1948-லிருந்து இது நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போலவே இருக்கும். பாதி நாள் ஒவ்வொரு பெயருக்கும் பதில் இருக்காது. இருந்தாலும் பெயரை விடாமல் வாசிப்பார்கள். அன்று பிளித் நாணல் கதிர்க்குருவி என்று வாசித்ததும் மாப்பிள்ளை என் கையைத் தூக்கிவிட்டார். "ஒன்று" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் காற்று தணிந்து படகு இறங்கியது.

2019 மார்ச்சில் மாப்பிள்ளை போனில் செய்தி சொன்னார். அந்தக் கட்டடம் தீப்பிடித்து முழுக்க எரிந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆபத்தில்லை. நான் உட்கார்ந்து படித்த நூலகம் போய்விட்டது. பறவைப் பதிவுகளுக்கு மட்டும் முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்திருந்ததால் தப்பின. இனி யார் அங்கே போவார்கள், அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாளில் மறுபடி கட்டப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. அதே இடத்தில்தானாம்.

நம் தனுஷ்கோடிக்கு இப்போது முனை வரைக்கும் தார் ரோடு போட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கின்றன, பார்க்க வெளியூர் ஜனம் வண்டி கட்டி வருகிறது. போன தை மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். இடிந்த மாதா கோயிலுக்குத் தெற்கே, கடை இருந்த இடம் என்று அம்மா சொல்லிக் கேட்ட மணலில் நின்றோம். கருவேலம் புதரில் 'சக், சக்' என்று சத்தம் கேட்டது. பேரன் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பினான். நான் பையிலிருந்து நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'ஒன்று' என்று எழுதினேன்.